கேக்குதுங்களா?

பெங்களூர்
12-1-1985

அன்புள்ள நைனாவுக்கு,

காந்தா எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? வலது கண்ணில் புகை அடித்த மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது எப்படி? செவலையும் மயிலையும் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கின்றனவா? இதைப் படித்துக் காட்டும் போஸ்ட் மாஸ்டர் ஆரோக்கியதாஸ் அண்ணனுக்கு என் வணக்கம். அண்ணா, மெதுவாகப் படியுங்கள். வேகமாகப் படித்தால் நைனா பாதியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

எனக்கு இங்கே இன்னா வேலை என்று கேட்டீர்கள். பேசுகிற பெட்டி ஒன்று செய்கிறோம். ரேடியோ இல்லை. ரேடியோ தன்பாட்டுக்குப் பேசும், நாம் பேசினால் அதற்குக் கேட்காது. இதற்குக் கேட்கும். நம் மலையடி ஆஸ்பத்திரிக்காகத்தான் செய்கிறோம். அங்கே டாக்டரம்மா ஒருவர்தான். மலையிலிருந்து இறங்கி வருகிற எல்லோரிடமும் நோயைக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதனால் பெட்டி முன்னதாகவே கேட்டு வைக்கும். காய்ச்சலா, வாந்தியா, இருமலா என்று கேட்கும். ஆமா, இல்ல என்று சொன்னால் போதும். அதற்குப் புரிகிற வார்த்தை அந்த இரண்டுதான். நாம் சொன்னதைக் காகிதத்தில் அச்சடித்து டாக்டரம்மாவுக்குக் கொடுத்துவிடும்.

கம்பி ஒட்டுவது என் வேலை. அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றும் என் தலையில் விழுந்தது. மனுஷர்கள் அந்தப் பெட்டியிடம் ஆசையாகப் பேசவேண்டும். அதற்கு அது எப்படி இருக்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று யோசிக்கிற வேலை. என் மேலதிகாரி கோபால்சாமி சார் முதலில் எழுதிய கேள்வி, "தாங்கள் எவ்வித உபாதையால் அவதியுறுகிறீர்கள்?" நான் சொன்னேன், "சார், இப்படிக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஃபாரஸ்ட் ஆபீசர் வந்துவிட்டார் என்று ஓடிவிடுவார்கள்." அவர் சிரித்துவிட்டு, "அப்போ நீயே சொல்லும்மா" என்றார். பிறகு நடந்ததை எழுதமாட்டேன். நீங்கள் நேரில் போய்த் தெரிந்துகொள்ளவேண்டும்.

பங்குனியில் பெட்டி அங்கே வந்துவிடும். கண்ணைக் காட்டுகிற சாக்கில் நீங்கள் போய் அதனிடம் பேசவேண்டும். பதில் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
காந்தா

பெங்களூர்
5-2-1985

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்பதுதான் தெரியவில்லை. முன்பு போட்ட கடிதம் கிடைத்ததா? பொங்கலுக்கு வராததில் கோபமா? லீவு கேட்டேன், தரவில்லை. ஹாஸ்டலில் பொங்கல் வைத்தார்கள். அரிசி குழைந்து கஞ்சியாகிவிட்டது. சாமைப் பொங்கலை நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பெட்டிக்குத் தேக்கில் கூடு செய்திருக்கிறோம். தகரம் வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். தகரத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அப்படி இருக்கிற ஒன்றிடம் யாருக்குப் பேச வாய் வரும்?

பதில் போடுங்கள்.

காந்தா

பெங்களூர்
24-2-1985

நைனா,

இருக்கீங்களா? ஒரு வரி போதும்.

காந்தா

புதூர்நாடு
4-3-1985

சடையன் சொல்லச் சொல்ல ஆரோக்கியதாஸ் எழுதுவது.

என் மகள் காந்தாவுக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். கால் வீக்கம் இறங்கிவிட்டது. செவலை நலம். மயிலைக்குக் குளம்பில் புண். வேப்பெண்ணெய் போட்டேன், ஆறிவருகிறது. பலா இந்த வருஷம் வேரிலேயே காய்த்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெங்களூர்க் குளிர் நம் மலைக் குளிர் மாதிரியா, வேறு மாதிரியா?

கடிதம் மூன்றும் வந்தன. கேட்டேன். கோபம் ஒன்றும் இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொன்னாயே, அது என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. புளி உலுக்கக் கிளையில் ஏறினால் அங்கேயே உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே புளி பொறுக்குகிற பாஞ்சாலை கத்துகிறாள், "யோவ் மாமா, மேலயே தூங்கிட்டியா? வுழுந்தீன்னா உன்ன பொறுக்கறதுக்கு நா வரமாட்டேன், ஆமா." அவளுக்கு என் நினைப்பு எங்கே தெரியும்?

உன் அம்மா இருந்த கடைசி வருஷம் நான் காவலூரில் மணல் சுமந்தேன். வானத்தைப் பார்ப்பதற்கு வெள்ளை உருண்டையாக ஒரு கட்டடம் கட்டினார்கள் இல்லையா, அதற்கு. உள்ளே ஒரு பெரிய குழாய், ஆள் தள்ளாமல் தானாக மெதுவாகத் திரும்பும். கிட்டே போனேன். "தொடாதப்பா, அது பாத்துக்கினு இருக்குது" என்றார் அங்கே இருந்தவர். எதைப் பார்க்கிறது என்று கேட்டேன். எப்போதோ கிளம்பின வெளிச்சம் இப்போதுதான் இங்கே வந்து சேர்கிறது, அதைப் பார்க்கிறது என்றார். அன்று முழுக்க மணல் கூடை கனக்கவில்லை. அது பார்க்கிற பெட்டி. உன்னுடையது கேட்கிற பெட்டி. அப்படித்தானே?

சில சந்தேகம். அது ஆணா, பெண்ணா? பகலெல்லாம் அடுத்தவர் நோயைக் கேட்டால் அதற்கு மனசு சலிக்காதா? இரண்டே வார்த்தை தெரிந்ததிடம் எப்படிப் பேசுவது என்று யோசித்தேன். ஆனால் உன் சித்தப்பன் கருப்பனும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை. அவன் குடும்பம் நடத்தவில்லையா?

முந்தாநாள் கனவு கண்டேன். நம் சாமைக் கொல்லையைப் பனி மூடியிருக்கிறது. பரண்மேல் உன் பெட்டி உட்கார்ந்திருக்கிறது, காவலுக்கு. கிளி கூட்டமாக வருகிறது. அது விரட்டவில்லை. "உடம்புக்கு இன்னா பண்ணுது?" என்று ஒவ்வொரு கிளியையும் கேட்கிறது. கிளியெல்லாம் ஆமா, ஆமா என்கின்றன. விழித்த பிறகும் காதில் அந்தச் சத்தம் இருந்தது.

புளி வேலை முடிந்ததும் இறங்குகிறேன். தலைக்கு எண்ணெய் வை.

சடையன்
(இடது கை ரேகை)

தங்கச்சிக்கு: உன் முதல் கடிதத்தை வந்த அன்றே படித்துக் காட்டினேன். பதில் எழுதலாமா என்றேன். "இருக்கட்டும் தாசு" என்றார். இரண்டாவதற்கும் அதே. மூன்றாவது வந்திருக்கிறது என்று ஆளிடம் சொல்லியனுப்பினேன், மாட்டைக்கூடக் கட்டாமல் ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. — ஆரோக்கியதாஸ்

பெங்களூர்
27-3-1985

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கிளிக் கனவைக் கோபால்சாமி சார் தன் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார்.

பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஆனால் சந்தோஷமாக எழுத முடியவில்லை. இங்கே கண்காட்சியில் வைத்தபோது ஜனங்கள் அதைச் சூழ்ந்துகொண்டு நகரவே இல்லை. அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பெஞ்சில் ஆள் உட்கார்ந்ததும் அது, "வாங்க. கேக்குதுங்களா?" என்று கேட்கும். ஆமா என்றால் மேலே பேசும். பதில் இல்லாவிட்டால் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நன்றி" என்று அணைந்துவிடும். அங்கே நாளெல்லாம் நன்றி, நன்றி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். "வாயே தொறக்கல, அதுக்குள்ள நன்றின்னு தொரத்துது" என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டு போனாராம். அங்கே இருக்கிற நர்ஸ் அன்னாள் எழுதியிருக்கிறார்.

இயந்திரம் என்று பயப்படுகிறார்கள், முகம் இருந்தால் பயம் போகும் என்று சொல்லி யாரோ அதன்மேல் ஒரு பொம்மைத் தலையை வைத்தார்கள். அதைப் பார்த்து அலறின குழந்தைக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. தலையை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் முடிவில் கோபால்சாமி சார் அறிக்கை கொடுக்கவேண்டும். ஜனங்கள் பேசாவிட்டால் பெட்டியை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். நைனா, நீங்கள் போங்கள். சித்திரையில் கண் டாக்டர் வந்து ஆபரேஷனுக்குப் பேர் எழுதிக்கொள்கிறார். அதுவும் ஆகட்டும், இதுவும் ஆகட்டும். நீங்கள் ஒருவர் பேசினால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள். உங்களுக்கு அதைப் பிடிக்கும். எனக்குத் தெரியும்.

காந்தா

புதூர்நாடு
18-4-1985

சடையன் சொல்ல ஆரோக்கியதாஸ் எழுதுவது.

காந்தாவுக்கு,

நான் நலம். நீ நலமா? மாடு நலம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்டியைப் பார்த்தேன். நல்ல தேக்கு. இழைப்பு சுத்தம். முன்னால் பச்சைத் துணி. அது பேசியது. நான் பேசவில்லை. கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடு. வேறு யாரையும் எழுதவிடாதே, உன் கையால் எழுது. உன் கையெழுத்து தாசுக்குத் தெரியும். ஓடை, குளம் பக்கம் போகாதே. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டார்களா? கூப்பிட்டால் திரும்பாதே. உடம்பு இன்னா பண்ணுது? இன்னா சாப்பிட்டாய்? எல்லாவற்றையும் எழுது.

சடையன்
(இடது கை ரேகை)

தங்கச்சிக்கு: ஜீப்புக்குக்கூட நிற்காமல் மலையை நடந்தே ஏறி வந்திருக்கிறார். டாக்டரைப் பார்க்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். தபால் பை வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சீக்கிரம் எழுது. — ஆ.தா.

புதூர்நாடு
6-5-1985

சடையன் சொல்ல ஆரோக்கியதாஸ் எழுதுவது.

காந்தாவுக்கு,

பதில் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெளியே வேப்பம்பூ கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வாசனை வந்தது. கண் மங்கலில் அந்தப் பச்சைத் துணி சாமைக் கொல்லை மாதிரித் தெரிந்தது. பேசலாம் என்றுதான் நினைத்தேன். கேட்பதற்கு மனசில் நிறைய வைத்திருந்தேன். அப்போது அது கூப்பிட்டது. "வாங்க. கேக்குதுங்களா?"

உன் குரல், காந்தா.

உன் மாதிரி என்று சொல்லவில்லை. உன் குரல். "ளா"வை இழுப்பாயே, அந்த இழுப்பு. நாலு பக்கமும் பார்த்தேன். நீ இல்லை. நர்ஸம்மா அன்னாள், "பதில் சொல்லுங்க பெரியவரே, அது இன்னா உங்கள தின்னுடவா போவுது?" என்றாள். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். அது ஒரே தடவைதான் கூப்பிட்டது. பிறகு நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் வாய் திறக்கக் கூடாது. ஒரு தடவை எது வேண்டுமானாலும் கூப்பிடும். காற்று கூப்பிடும், ஓடை கூப்பிடும், செத்தவர்கள் கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவை அதன் எதிரொலியாக இருக்கும். மூன்றாவது தடவை மனுஷர்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு தேவை மனுஷருக்குத்தான் இருக்கும்.

உன் அம்மா பச்சையம்மா ஒரு குரலுக்குப் பதில் சொன்னாள். அந்தி நேரம், மழை. ஓடைப் பக்கமிருந்து நீ கூப்பிட்டது மாதிரி அவளுக்குக் கேட்டது. ஒரே தடவை. "வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நனைந்து திரும்பினவள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

இப்போது அதே குரல் பெட்டியிலிருந்து வருகிறது. நீ பெங்களூரில் இருக்கிறாய் என்றால் உன் குரல் எப்படி இங்கே தனியாக வந்தது? உடம்பை விட்டுவிட்டா வந்தது? தாசு சொல்கிறான், "பெரியப்பா, அது டேப்புல புடிச்சது. ரேடியோவுல பாட்டு வரல? அந்த மாதிரி." நான் கேட்டேன், "ரேடியோவுல பாடறவங்கள்ல பாதிப் பேரு செத்துப் போனவங்கன்னு நீதானடா சொன்னே?" அவன் பேனாவுக்கு மை ஊற்றப் போய்விட்டான். இதையும் அவன்தான் எழுதுகிறான்.

நேற்றுக் கனவில் நீ பலா மரத்தடியில் நிற்கிறாய். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. சத்தத்தை எங்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

சடையன்
(இடது கை ரேகை)

புதூர்நாடு
20-5-1985

காந்தா,

இது மூன்றாவது. இருந்தால் சொல்.

சடையன்
(இடது கை ரேகை)

பெங்களூர்
1-6-1985

நைனா,

இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்றுத்தான் வந்தேன். உங்கள் கடிதங்கள் மூன்றும் ஹாஸ்டல் வார்டன் மேசையில் கிடந்தன. நின்றுகொண்டே படித்தேன். தந்தி கொடுக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வரை ஓடினேன். நம் ஊருக்குத் தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்களே என்று திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டேன். ஆரோக்கியதாஸ் அண்ணா, இது என் கையெழுத்துதான் என்று நைனாவிடம் சொல்லுங்கள்.

அது என் குரல்தான். கோபால்சாமி சார் "நீயே சொல்லும்மா" என்றதும் என்னையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டின ஒரு அறை. அங்கே பேசினால் நம் குரலே நமக்குத் திரும்பி வராது. எதிரில் ஆள் இல்லை. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் உங்களை நினைத்துக்கொண்டு "கேக்குதுங்களா?" என்று சொன்னேன். நீங்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள், ஆஸ்பத்திரி முழுக்க "என் பொண்ணு, என் பொண்ணு" என்று சொல்வீர்கள் என்று நினைத்துத்தான் முன்னால் சொல்லவில்லை.

அந்த வழக்கம் எனக்கு எப்படி மறந்தது என்று யோசித்தேன். என்னைச் சின்ன வயசிலேயே மலையடிக் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்தீர்கள். அங்கே சிஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேர் கூப்பிடுவார். மலையிலிருந்து வந்த நாங்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம். எல்லோருக்கும் ஆப்சென்ட் போடுவார். எதிரில் உட்கார்ந்திருப்போம், வரவில்லை என்று எழுதுவார். முட்டிமேல் அடி வாங்கி வாங்கி, முதல் தடவையே "உள்ளேன் சிஸ்டர்" என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதோடு அது போய்விட்டது. நானும் அந்த சிஸ்டர் மாதிரியேதான் ஒரு பெட்டியைச் செய்திருக்கிறேன்.

இன்று காலை கோபால்சாமி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடிக் கீழே வைத்தார். "மூணு தடவை கூப்பிட்டா போதுமாம்மா?" என்றார். போதாது, நடுவில் ஆள் யோசிக்க நேரம் விடவேண்டும் என்றேன். ஒரே பதிவை மூன்று தடவை போட்டாலும் எதிரொலி மாதிரி ஆகிவிடும். அதனால் இன்று மத்தியானம் மறுபடி மெத்தை அறைக்குப் போய் மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது உங்கள் மூன்றாவது கடிதம் என் மடியில் இருந்தது. நன்றியை எடுத்துவிட்டோம். புதுப் பதிவு அடுத்த வாரம் பெட்டிக்குப் போய்விடும்.

நான் போட்ட முதல் இரண்டு கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது. கடிதமும் முகம் தெரியாத குரல்தானே.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். இதுவரை கேட்டதில்லை. அன்று அம்மா ஓடையிலிருந்து நனைந்து வந்து, "நீதானே கூப்ட்டே?" என்று என்னைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஆமா என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. கூப்பிட்டது மட்டும் நினைவில்லை. ஓடைக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தேனா? கூப்பிட்டுவிட்டு வேறெங்கோ ஓடிவிட்டேனா? நைனா, அம்மாவைக் கூப்பிட்டது நானா?

காந்தா

புதூர்நாடு
8-7-1985

சடையன் சொல்ல ஆரோக்கியதாஸ் எழுதுவது.

என் மகள் காந்தாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தாசு முதல் வரியை மூன்று தடவை படித்தான். நான் நான்காவது தடவையும் படிக்கச் சொன்னேன். நான் நலம். செவலை, மயிலை நலம். மழை இறங்கிவிட்டது. சாமை விதைத்தாயிற்று. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் நீ கேட்டது.

அன்று புதூர்நாட்டில் சந்தை. உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பச்சைக் கண்ணாடி வளையல் கேட்டாய், வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது பாறை இறக்கத்தில் விழுந்து ஒன்றை உடைத்துக்கொண்டு, அதற்காக ஒரு பாடு அழுதாய். தோள்மேல் தூக்கிக்கொண்டேன். இரட்டைக் கடுக்காய் மரத்தடிக்கு வரும்போது மழை பிடித்தது. ஒதுங்கினோம். என் தலைத்துண்டைப் போர்த்திக்கொண்டு, உடையாத வளையலைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டாய். எச்சில் என் கழுத்தில் ஒழுகியது. மழை நிற்கும்வரை நான் அசையவில்லை. ஓடை அங்கிருந்து ஒரு மலை தாண்டி இருக்கிறது. நாம் வூட்டுக்கு வந்தபோது உன் அம்மா நனைந்த புடவையோடு வாசலில் நின்றாள். "நீதானே கூப்ட்டே?" என்றாள். நீ கண்ணைத் திறக்காமலேயே ஆமா என்றாய். தூக்கத்தில் எதைக் கேட்டாலும் ஆமா என்பாய். "ராஜாவைக் கட்டிக்கிறியா?" என்றால் ஆமா. "வெளக்கெண்ண குடிக்கிறியா?" என்றால் ஆமா. அந்த ஆமாவை உன் பெட்டிகூட ஏற்றுக்கொள்ளாது.

கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. நீ இல்லை. நீ ஒரு தடவையோடு நிறுத்துகிற பிள்ளையே இல்லை. பதில் வரும்வரைக்கும் கூப்பிடுவாய். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அதனால்தான் உன் மூன்றாவது கடிதம் வந்தபோது மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

இனி பெட்டி. போன மாதம் இறங்கினேன். பாஞ்சாலையும் கூட வந்தாள், நான் மறுபடி ஓடிவிட்டால் பிடிப்பதற்கு. அதே பெஞ்சு. அதே பச்சைத் துணி. "வாங்க. கேக்குதுங்களா?" என்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அணையவில்லை. இருந்தது. எனக்காக இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு மறுபடி, கொஞ்சம் தணிந்து, "கேக்குதுங்களா?" பாஞ்சாலை என்னை இடித்தாள். நான் பேசவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் எழுந்துவிடுவேனோ என்று அது பயப்படுவது மாதிரி எனக்குப் பட்டது. மூன்றாவது தடவை கூப்பிட்டது. காந்தா, அதை நீ எப்படிச் சொல்லியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

"கேக்குது" என்று சொன்னேன்.

அதற்கு ஆமா, இல்ல தவிர வேறு தெரியாது என்பது மறந்துபோயிற்று. அது சொன்னது, "சரியா வெளங்கலீங்க. இன்னொரு தடவ சொல்றீங்களா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுது தாசு. ஊரில் நான் வாயைத் திறந்தால் "இதத்தான் மாமா நேத்தும் சொன்னே" என்கிறார்கள். இன்னொரு தடவை சொல் என்று என்னை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். புளி விளைச்சலைச் சொன்னேன், காவலூர்க் குழாயைச் சொன்னேன், மயிலையின் குளம்பைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அது இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றது. சலிக்கவே இல்லை. பின்னால் வரிசையில் இருந்த மங்கம்மாள் கிழவி, "யோவ், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பேசிக்கினே கீறியே, எழுந்திரு. எனக்கு வவுத்துவலி" என்று கத்தினாள். அன்னாள் நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவரே, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, அப்பத்தான் சீட்டு வரும்" என்றாள். சரி என்று ஆமா சொன்னேன். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மங்கம்மாள் உட்கார்ந்தாள். மூன்று தடவை கூப்பிடும்வரை அவளும் வாயைத் திறக்கவில்லை, பிறகு தன் வயிற்றுவலியை அது பிறந்த கதையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் அங்கேயே வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மழை விட்டு, வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. உள்ளே உன் குரல் ஒவ்வொருத்தரையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசி ஆளும் பேசிவிட்டுத்தான் போனார். உன் அதிகாரிக்கும் எழுதிவிட்டாளாம் நர்ஸம்மா. பெட்டியை யாரும் பூட்டப்போவதில்லை.

அதைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் தாமதித்தேன்.

கண் டாக்டரும் அன்று வந்திருந்தார், பார்த்தார். புரை முற்றிவிட்டது, ஆவணியில் எடுத்துவிடலாம், பார்வை வந்துவிடும் என்றார். கண் கட்டை எப்போது அவிழ்ப்பார்கள் என்று அன்னாள் உனக்கு எழுதுவாள். லீவு கொடுக்கவில்லை என்று சொல்லாதே. உன் கோபால்சாமி சாரிடம் மூன்று தடவை கேள்.

அன்றைக்கு வந்து எனக்கு எதிரில் நில். பின்னாலிருந்தோ, கதவுப் பக்கமிருந்தோ வேண்டாம். எதிரில். முகம் தெரிகிற இடத்தில் நின்று, ஒரே ஒரு தடவை கூப்பிடு. போதும்.

சடையன்
(இடது கை ரேகை)